மதியம் மட்டும் நின்றுபோன கடிகாரம்: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு டாஷ்போர்டில் கண்ணாடி மாற்றிய விவரம்

வண்டி 1967ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் பட்டறைக்கு வந்தது. இருக்கை உறை, கூரைத் துணி, கதவுப் பலகை, டாஷ்போர்டு மரம் என்று உட்புற வேலை முழுவதையும் செய்து தரவேண்டும் என்று பேச்சு. உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. செய்யவேண்டிய வேலைகளைக் கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். கடைசி வரி இது: "கடிகாரம் மதியம் நிற்கிறது, மாலையில் ஓடுகிறது. கண்ணாடி மங்கல்."

அந்த ஒரு வரியில் கிட்டத்தட்ட முழு நோயும் இருந்தது. ஆனால் அதை அப்படியே படிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய கார்களின் மீட்டர்களையும் கடிகாரங்களையும் திறப்பவர்கள் கண்ணாடியைக் கடைசிக் கட்ட அழகு வேலையாக நினைக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணாடி கடிகாரத்தின் ஓர் உறுப்பு. அளவு பிசகினால் இயந்திரத்தையே நிறுத்திவிடும் என்பதை இந்த ஹெரால்டு காட்டியது.

ஹெரால்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. உருவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்தது. 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதைச் சென்னையில் தயாரித்தது. பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அடியில் தனிச் சட்டகம் (சேஸிஸ்), அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய உடல், முன்பக்கம் முழுவதும் முதலையின் வாய்போல் முன்னோக்கித் திறக்கும் பானட். எதையும் கழற்றலாம், எதையும் திரும்பப் பூட்டலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும் வண்டி அது.

கடிகாரம் வண்டியோடு வந்ததாகத் தெரியவில்லை. உரிமையாளர் அம்மாவின் தகப்பனார் வண்டி வாங்கிய ஓரிரு ஆண்டுகளில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கி, டாஷ்போர்டில் துளை போட்டுப் பொருத்தியிருக்கிறார். ஸ்மித்ஸ் தயாரிப்பு, 52 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் சிறிய மின் கடிகாரம். சாமுவேல் ஸ்மித் 1851இல் லண்டனில் தொடங்கிய கடிகாரக் கடைதான் பின்னாளில் பிரிட்டிஷ் கார்களுக்கு வேகமானி, எண்ணெய் மானி, அம்மீட்டர் எல்லாம் செய்து கொடுத்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் அந்த மானிகளின் உடல், வளையம், கண்ணாடி எல்லாம் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்தச் செய்தி பின்னால் உதவும்.

முதல் நாள் கடிகாரத்தை வண்டியிலேயே வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு நேரம் வைத்து, வண்டியை வெயிலில் நிறுத்தினேன். ஒன்றரை மணிக்குப் பிறகு நின்றது. நான்கரைக்கு நிழலுக்கு நகர்த்தி, ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அந்தக் குலுக்கலில் தானாக ஓடத் தொடங்கியது. மறுநாளும் இதேதான், பத்து நிமிட வித்தியாசத்தில்.

இதற்கு முன் இரண்டு பேர் அதைத் திறந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணாடி உடைந்திருந்ததால் புதியது போட்டவர். அடுத்தவர், மதியம் நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே சுருள் சூடேறி வலுவிழக்கிறது, இயந்திரத்தை எடுத்துவிட்டுக் குவார்ட்ஸ் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அபத்தமில்லை. இந்தக் கடிகாரத்தில் ஒரு சமநிலைச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும்; ஆடும்போது ஒரு மெல்லிய தொடுமுனை மூடித் திறக்கும்; மூடும் கணத்தில் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போய்ச் சக்கரத்துக்கு ஒரு தட்டுக் கொடுக்கும். சுருள் சூடானால் அதன் மின்தடை கூடும், தட்டின் பலம் குறையும். தாமிரத்துக்கு அது பத்து டிகிரிக்கு நான்கு சதவீதம் அளவுக்கு வரும். ஆகவே நானும் முதலில் சுருளைத்தான் சந்தேகித்தேன்.

சந்தேகத்தைச் சோதிக்க, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். இணைப்பதற்கு முன் நேர்முனை பாடியில் சேருகிறதா எதிர்முனை சேருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனைதான் பாடியில் சேரும். தொடுமுனைக் கடிகாரங்கள் தவறைப் பொறுத்துக்கொண்டாலும், டிரான்சிஸ்டர் வைத்த பிற்காலத்தவை பொறுக்காது. அதன்பின் தலைமுடி உலர்த்தும் கருவியால் முன்பக்கத்தைச் சூடாக்கினேன். துப்பாக்கி வடிவ வெப்பமானியில் கண்ணாடியின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நிமிடங்களில் டிக் டிக் ஒலி தளர்ந்து நின்றது.

அடுத்து முன்வளையத்தைக் கண்ணாடியோடு கழற்றி எடுத்துவிட்டு அதே சூட்டைக் கொடுத்தேன். இந்த முறை உடல் 70 டிகிரியைத் தாண்டியும் கடிகாரம் நிற்கவில்லை. அரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

சுருள் குற்றமற்றது. குற்றம் கண்ணாடியோடு கழன்று வந்துவிட்டது.

வளையத்தைக் கழற்றியதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிச் சேதம் அங்கேதான் நடக்கிறது. இந்த ஸ்மித்ஸ் வளையம் மூன்று நாக்குகளால் உடலின் விளிம்பைப் பிடித்திருக்கும். விளிம்பில் மூன்று வெட்டுகள் இருக்கும். வளையத்தைத் திருப்பி நாக்குகளை வெட்டுகளுக்கு நேரே கொண்டுவந்தால் அப்படியே தூக்கிவிடலாம். சம்புட மூடியைத் திறப்பதுபோல்தான். ஆனால் அறுபது ஆண்டுத் துருவும் கெட்டியான ரப்பரும் விடாது. இடுக்கியால் பிடித்துத் திருகினால் குரோம் முலாம் பிய்ந்து வரும், வளையம் முட்டை வடிவமாகும். எண்ணெய் தெளித்தால் அது ஊர்ந்து டயலில் இறங்கிக் கறையாகும். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. நான் லேசாகச் சூடுகாட்டி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையை வளையத்தைச் சுற்றி இறுக்கிக் கையால் மட்டும் திருப்பினேன். ஒரு மணி நேரத்தில் கால் அங்குலம் நகர்ந்தது. மறுநாள் காலை இன்னொரு கால் அங்குலம். பொறுமையைத் தவிர வேறு கருவி தேவைப்படவில்லை.

நகர்த்துவதற்கு முன் வளையத்திலும் உடலிலும் சேர்ந்தாற்போல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எந்த நாக்கு எந்த வெட்டில் இருந்தது என்பது திரும்பப் பூட்டும்போது தெரியவேண்டும்.

உள்ளே இருந்தது அசல் கண்ணாடி இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். அக்ரிலிக் நல்ல பொருள்தான். ஒளியைக் கண்ணாடியைவிடச் சற்று அதிகமாகவே உள்ளே விடும், சுமார் 92 சதவீதம். விழுந்தால் சில்லாகச் சிதறாது. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மீட்டர் லென்ஸே குவிந்த அக்ரிலிக்கில் வார்த்ததுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவர் அதன் குணத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் ஒரு டிகிரிச் சூட்டுக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். எஃகு 0.012, சாதாரணக் கண்ணாடி 0.009. வளையம் எஃகு. அதாவது கண்ணாடியும் வளையமும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும். அக்ரிலிக் அவற்றைப்போல் ஆறேழு மடங்கு விரியும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வளையத்தின் உள் இருக்கை 50 மில்லிமீட்டர். அக்ரிலிக் வட்டு, குளிர்ந்த நிலையில் வெர்னியர் அளவுகோலில் 49.95. நூல் இழையளவு இடைவெளிகூட இல்லாமல் கனகச்சிதமாக வெட்டியிருக்கிறார். வெட்டியவர் கைத்திறன் உள்ளவர் என்பதில் சந்தேகமில்லை. நாற்பது டிகிரி சூடு ஏறினால் அக்ரிலிக் 0.14 மில்லிமீட்டர் வளரும், எஃகு 0.02தான் வளரும். முதலில் இருந்த 0.05 இடைவெளியையும் கழித்தால் மிச்சம் சுமார் 0.07 மில்லிமீட்டர். அது எங்கே போகும்? ஒரு தபால் அட்டையை இரு ஓரங்களிலும் விரல் வைத்து லேசாக நெருக்கிப் பாருங்கள். ஓரத்தில் நீங்கள் நகர்த்தியது கண்ணுக்குத் தெரியாது; நடுவில் அட்டை விரலளவு வளைந்து நிற்கும். வட்டும் அப்படித்தான். ஓரத்தில் ஒரு மயிரளவு நெருக்கம், நடுவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய புடைப்பு. வெளிப்புறமாகப் புடைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இது உட்புறமாகப் புடைத்தது.

முட்களுக்கு மேலே கண்ணாடி வரை இருக்கவேண்டிய இடைவெளியும் குறைந்திருந்தது. அசல் அமைப்பில் வளையம், அதன்பின் கண்ணாடி, அதன்பின் ஒரு ரப்பர் வளையம், அதன்பின் கறுப்பு உள்வளையம் என்று வரிசை. கண்ணாடி போட்டவர் ரப்பரை எறிந்துவிட்டு அக்ரிலிக்கை நேராகக் கறுப்பு உள்வளையத்தில் ஒட்டிவிட்டார். வட்டு டயலை நோக்கிக் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. ஒட்டியதால் ஓரம் நழுவவும் வழியில்லை. காலையில் நடு அச்சின் தலைக்கும் வட்டுக்கும் மிஞ்சியது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மதியம் அதுவும் போயிற்று.

இதெல்லாம் கணக்கு. சாட்சி வேண்டுமே என்று வட்டைச் சாய்த்து விளக்கொளியில் பிடித்தேன். உட்பக்கத்தின் நடுமையத்தில், வெந்தய அளவில், மெல்லிய வட்டக் கீறல் ஒன்று இருந்தது. நிமிட முள்ளின் குமிழ் ஒவ்வொரு மதியமும் உரசி உரசி வரைந்த வட்டம். எஃகு அளவுகோலை வட்டின்மேல் குறுக்கே வைத்தால் நடுவில் வெளிச்சம் கசிந்தது. குளிர்ந்த பிறகும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தே இருந்தது. பல கோடைகளின் சூட்டில் வளைந்து வளைந்து வட்டு அந்த வடிவத்தையே பழகிக்கொண்டது.

இனி மங்கல். வட்டின் உட்பக்கமெங்கும் பனி படிந்ததுபோல் வெள்ளைப் பூச்சு. ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. துணியால் துடைத்தால் போகவில்லை. டயலின் கறுப்பிலும் அதே வெண்மை. கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடியை வைத்து டயலைப் பார்த்தபோது ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன். நான்காம் எண்ணுக்கு அருகே ஒரு பெருவிரல் ரேகை, வரி வரியாக, வெள்ளையில் அச்சடித்ததுபோல் நின்றது.

அது உடனடிப் பசையின் வேலை. நொடியில் ஒட்டும் அந்தப் பசை காயும்போது ஆவி விடும். காற்றின் ஈரத்தில் அந்த ஆவி வெள்ளையாக உறையும். விரல் பட்ட எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில் இன்னும் தடித்து உறையும். காவல் துறையின் கைரேகை நிபுணர்கள் மறைந்த ரேகைகளை வெளிக்கொணர இதே பசையின் ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூடிய சிறு டப்பிக்குள், கடலோர ஊரின் ஈரக் காற்றோடு, பசையை வைத்துப் பூட்டினால் அதே சோதனைக்கூடம் தயாராகிவிடுகிறது. டயலைத் தொட்டவரின் அடையாளம் அறுபது வயதுப் பொருளின்மேல் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் கடுமையாகப் பேச விரும்புகிறேன். மீட்டருக்குள் எந்தப் பசையும் வேண்டாம். உடனடிப் பசை ஆவி விடும். புளிப்பு வாடை வீசும் சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பித்தளைச் சக்கரங்கள் பச்சை பூக்கும். கந்தகம் சேர்த்த மலிவான ரப்பர்கூட வெள்ளித் தொடுமுனைகளைக் கறுக்கவைக்கும். இந்தக் கண்ணாடி எப்போதுமே அழுத்தத்தால் பிடிபட்டதுதான். வளையம் முன்னாலிருந்து தள்ளுகிறது, ரப்பர் பின்னாலிருந்து தாங்குகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் வெப்பத்தில் விரிவதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். நம் கோடைக்கு அது இன்னும் பொருந்தும்.

டயலில் இருந்த பூச்சை என்ன செய்வது என்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி நேரம் போயிற்று. அசிட்டோன் அந்தப் பூச்சைக் கரைக்கும். எண்களையும் சேர்த்துக் கரைத்துவிடும். வெந்நீர் மெல்ல மெல்லத் தளர்த்தும். ஆனால் டயலை ஊறவைத்தால் மையும் உரியும், அடித்தகடும் துருப்பிடிக்கும். ஆகவே உலர்ந்த முறை ஒன்றுதான் மிச்சம். மூங்கில் குச்சியை உளிமுனைபோல் சீவிக்கொண்டு, பூதக்கண்ணாடியின் கீழ், முதலில் டயலின் விளிம்பில், வளையம் மறைக்கும் பகுதியில் சோதித்தேன். பூச்சு பொடிப் பொடியாக உதிர்ந்தது. கீழே கறுப்பு அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தேன். உதிர்ந்த பொடியை மென்மையான ஒட்டகமுடித் தூரிகையால் எடுத்தேன். நான்கு மாலைகள். எண்கள் இல்லாத கறுப்புப் பரப்பு ஏறக்குறைய முழுவதும் மீண்டது. ரேகையும் பெரும்பாலும் போயிற்று. நான்காம் எண்ணின் காலோரம் மட்டும் இரண்டு மூன்று வரிகள் எண்ணின் மையோடு ஒட்டிக் கிடந்தன. குச்சி பட்டதும் மையின் ஓரத்தில் ஊசி முனையளவு அசைவு தெரிந்தது. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவை அழைத்துக் காட்டினேன். டயலை முழுவதும் புதிதாக அச்சடித்துத் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் குறையே தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். "இந்த எண்களைப் பார்த்துத்தான் தம்பி நான் நேரம் சொல்லக் கற்றேன். இதை விட்டுவிடுங்கள்," என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அசல் டயல் ஒரு முறைதான் அசலாக இருக்கும்.

கண்ணாடியைத் தேடிய கதை நீளமானது. முதலில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரே குடும்பத்து மானிகள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? செத்துப்போன ஸ்மித்ஸ் அம்மீட்டரோ எண்ணெய் மானியோ கிடைத்தால் அதன் கண்ணாடி அப்படியே பொருந்தும். இரண்டு கிடைத்தன. ஒன்றில் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது, மற்றொன்றில் முள்ளளவு நீளத்துக்கு ஆழமான கீறல். இரண்டுமே கண்ணாடிக்கு உதவவில்லை என்றாலும், அளவுக்கு உதவின. இரண்டு அசல் கண்ணாடிகளும் இருக்கையைவிட அரை மில்லிமீட்டர் சிறியவை. அதாவது சுற்றிலும் கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தயாரிப்பாளரே விட்டிருக்கிறார். தடிமன் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது.

இந்த அரை மில்லிமீட்டரை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக வேலை கற்பவர்கள் "ஆடாமல் அசையாமல் பொருந்தவேண்டும்" என்று நினைத்துத்தான் கெடுக்கிறார்கள்.

படச்சட்டம் போடும் கடைகளில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி கிடைக்கும். ஒரு கண்ணாடிக்கடையில் வட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். ஐம்பது மில்லிமீட்டர் வட்டம் அவர்களுக்கு மிகச் சிறியது. வெட்டிய மூன்றில் இரண்டு விரிசல் விட்டன, மூன்றாவது முட்டை வடிவம். பிறகு எங்கள் தெருவிலேயே மூக்குக்கண்ணாடி செய்யும் பெரியவரிடம் போனேன். அவரிடம் தண்ணீர் சொட்டும் அரைக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் கண்ணாடி லென்ஸ்களைச் சட்டத்துக்கு ஏற்பக் கையால் தேய்த்த கல். எண்கோணமாக வெட்டிய துண்டை அவரிடம் கொடுத்து, அம்மீட்டரின் கண்ணாடியை மாதிரியாக வைத்தேன். முதலில் மூலைகளை ஒடுக்கினார், பிறகு துண்டை விரல்களில் சுழற்றிக்கொண்டே மெதுவாகக் கல்லில் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரியின்மேல் வைத்து விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினார். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே இன்னும் இரண்டு தேய்ப்பு. முடிந்ததும் வெர்னியர் வைத்தேன்: ஒரு திசையில் 49.5, குறுக்கே 49.45. விளிம்பின் கூர்மையை இருபுறமும் மழுக்கியும் கொடுத்தார். மழுக்காத விளிம்பில்தான் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் இருக்கும், பின்னால் அவற்றிலிருந்தே விரிசல் கிளம்பும் என்றார். அறுபது ஆண்டு அனுபவம் உள்ளவர் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன்.

ரப்பர் வளையத்துக்கு நைட்ரைல் ரப்பர் கயிற்றை அளவாக வெட்டி, முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தேன். ஒட்டவில்லை.

பூட்டும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையின் பகுதிதான். ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. பட்டறை முழுவதும் புழுதி. மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் மழைக்குப் பின் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் குளிரும்போது கண்ணாடியில் முத்து முத்தாகப் பூக்கும். அதற்காகக் கடிகாரத்தையும் கண்ணாடியையும் முதல் நாள் இரவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து மூடியிருந்தேன். காலையில் எடுத்துக் கண்ணாடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைத்து, பருத்தி கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து வைத்தேன். உள்பக்கத்தில் தூசி எதுவும் இல்லை என்பதைச் சாய்ந்த விளக்கொளியில் மூன்று முறை பார்த்தேன். வளையத்தை வைத்துப் பென்சில் கோட்டுக்குத் திருப்பினேன். நாக்குகள் வழுக்கிக்கொண்டு வந்து நின்றன. முட்களின் குமிழுக்கும் கண்ணாடிக்கும் இடையே இப்போது ஒன்றரை மில்லிமீட்டர்.

வளையத்தின் குரோமில் சில புள்ளித் துருக்கள் இருந்தன. அவற்றை அப்படியே விட்டேன். புது முலாம் பூசினால் அருகிலுள்ள வேகமானியின் வளையம் கிழடாகத் தெரியும். பிறகு அதையும் பூசவேண்டும், பிறகு சாவித் துளையையும்.

சோதனைக்கு மொட்டைமாடி. பழைய மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் கடிகாரத்தையும் பேட்டரியையும் வெப்பமானியையும் வைத்து மூன்று நாள் வெயிலில் விட்டேன். இரண்டாம் நாள் மதியம் உள்ளே 68 டிகிரி காட்டியது. கடிகாரம் நிற்கவில்லை.

வேறு வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். ஜெர்மானிய விடிஓ (VDO) நிறுவனத்தின் மானிகளில் நாக்குகள் இருக்காது. வளையத்தின் ஓரத்தையே உடலின்மேல் மடித்து அமுக்கியிருப்பார்கள். அதை மெல்லிய தகட்டால் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத்தான் நிமிர்த்தவேண்டும். ஓரிடத்தில் அவசரப்பட்டால் அலையலையாக நெளியும். அமெரிக்கக் கார்களின் குவிந்த அக்ரிலிக் லென்ஸை மாற்றும் முன் மெருகேற்றிப் பாருங்கள்: 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்து, மெருகுப் பசையால் முடித்தால் பாதி லென்ஸ்கள் பிழைத்துவிடும். நேரம் வைக்கும் குமிழ் லென்ஸைத் துளைத்து வெளியே வரும் வகையில், விரிசல் பெரும்பாலும் அந்தத் துளையிலிருந்தே தொடங்கும். துளையிலும் சிறிது இடைவெளி வேண்டும். அக்ரிலிக்கை ஒருபோதும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். சிலந்தி வலைபோல் நுண்விரிசல் ஓடிவிடும்.

முட்களிலோ எண்களிலோ பழுப்பேறிய ஒளிரும் பூச்சு இருந்தால், குறிப்பாக 1960க்கு முந்தியதாக இருந்தால், கண்ணாடியைத் திறப்பதற்கு முன் நில்லுங்கள். அந்தக் காலப் பூச்சில் ரேடியம் இருந்திருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று பொருளில்லை. ஒளிரும் துத்தநாக சல்ஃபைடுதான் களைத்திருக்கிறது, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கெய்கர் கருவி வைத்திருப்பவரிடம் காட்டிவிட்டு, ஐயம் இருந்தால் திறக்காமல் விட்டுவிடுங்கள். மங்கலான கண்ணாடி யாரையும் கொல்லாது; அந்தப் பொடியைச் சுவாசிப்பது வேறு விஷயம்.

ஹெரால்டு ஆவணியில் வீடு திரும்பியது. மறு ஆண்டு அக்னி நட்சத்திரத்தில் அம்மா நோட்டில் பதினைந்து நாள் குறிப்பெடுத்து அனுப்பினார்: தேதி, மதியம் இரண்டு மணிக்கு வானொலி நேரம், கடிகார நேரம். ஒரு நாளும் நிற்கவில்லை. வாரத்துக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. ஒழுங்குபடுத்தும் திருகை அரைக் கோடு நகர்த்தினால் போதும், அடுத்த முறை எண்ணெய் மாற்ற வரும்போது செய்து கொடுப்பேன்.

பழைய அக்ரிலிக் வட்டை எறியவில்லை. வெந்தயக் கீறல் மேலே தெரியும்படி ஒரு காகித உறையில் போட்டு, விட்டம் 49.95, தடிமன் 1.5, எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி, வண்டியின் பதிவுப் புத்தகம் இருக்கும் கோப்பிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதோடு இன்னோர் உறையும் இருக்கிறது. பெரியவர் தேய்த்துக் கொடுத்த இரண்டாவது கண்ணாடி, 49.5, பஞ்சில் சுற்றியது.